‘ஒன்றுமில்லை’ என்பதை அளப்பது எப்படி?

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மோல்வேர்னில், கடைத்தெருவிலும் பஸ் தரிப்பிடத்திலும் தமிழ் கேட்காத நாள் குறைவு. ஆனால் தமிழர்கள் பெருந்தொகையாக வந்து சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. 1980இல், மக்ளூர் கிரசென்ற் என்ற சிறு தெருவில் புது வீடு வாங்கிக் குடியேறியிருந்த குடும்பங்களுக்கு ஒரு செய்தி வந்தது: உங்கள் வீட்டு முற்றத்து மண்ணில் ரேடியம் இருக்கிறது.

வீடுகள் எழும்புவதற்கு முன் அது பண்ணை நிலம். 1940களில் அங்கே ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் பரிசோதனைகள் சிறிய அளவில் நடந்திருக்கின்றன. விமானக் கருவிகளின் முட்கள் இருட்டிலும் தெரிவதற்காக ரேடியச் சாயம் பூசிய போர்க்காலம் அது. ரேடியம் தங்கத்தைவிடப் பன்மடங்கு விலை போனது. பரிசோதனை நின்றது, கழிவு மண்ணோடு கிடந்தது, நிலம் கைமாறியது, மனைகள் பிரிக்கப்பட்டன. ரேடியம்-226இன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைந்து தீர எடுக்கும் காலம், 1,600 ஆண்டுகள். இடையில் கழிந்த 35 ஆண்டுகளில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் குறைந்திருக்கவில்லை.

குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். மாகாண அதிகாரிகளுக்கு 1940களிலேயே விஷயம் தெரிந்திருந்தும் மண்ணை அகற்றவில்லை என்று 1987இல் ஒன்ராறியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1989இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. இதற்கிடையில் 1990இல், பக்கத்திலேயே மக்லெவின் அவெனியூப் பகுதியிலும் அதே மாசு கண்டுபிடிக்கப்பட்டது. கடைசியில் 1995இல் கூட்டாட்சி அரசும் மாகாண அரசும் சேர்ந்து முற்றங்களைத் தோண்டி மண்ணை அள்ளின.

அள்ளிய பிறகுதான் உண்மையான சிக்கல். லொறி லொறியாக வந்த மண்ணில் பெரும்பகுதி வெறும் மண். கொஞ்சம் இலேசாக மாசுபட்டது. மிகச் சிறிய பங்குதான் உரிமம் பெற்ற கிடங்கில் வைத்தே ஆகவேண்டிய கழிவு. நிறத்திலோ மணத்திலோ எடையிலோ மூன்றுக்கும் வேறுபாடு கிடையாது. எல்லாவற்றையும் கதிரியக்கக் கழிவு என்று ஒதுக்கினால் வைக்க இடமில்லை, எந்த ஊரும் ஏற்காது. எல்லாவற்றையும் சாதாரண மண் என்று விட்டால் மக்ளூர் கிரசென்றின் கதை இன்னோர் இடத்தில் தொடங்கும். எந்தப் பிடி மண் எந்தக் குவியலுக்கு உரியது என்று யார், எப்படிச் சொல்வது?

இதே கேள்வி இப்போது கிழக்கே, ரூஜ் ஆற்றுக்கு அப்பால், இன்னும் பெரிதாக வந்து நிற்கிறது. 1971இல் மின்சாரம் தரத் தொடங்கிய பிக்கரிங் அணுமின் நிலையத்தில் இரண்டாம், மூன்றாம் உலைகள் 1997இல் நிறுத்தப்பட்ட பின் மீண்டும் இயக்கப்படவில்லை. முதலாம், நான்காம் உலைகள் 2024இல் ஓய்வு பெற்றன. உலையைச் சில பத்தாண்டுகள் பூட்டி வைத்து, கதிரியக்கம் தணிந்த பின் பிரிப்பதுதான் நடைமுறை. அப்போது மலைபோல உருக்கும் கொங்கிறீட்டும் செம்பும் வெளியே வரும். அணுமின் நிலையம் என்றதும் அங்குள்ள ஒவ்வோர் ஆணியும் ஒளிரும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் விசையாழிக் கூடம், பம்புகள், குழாய்கள், அலுவலகச் சுவர்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி வாழ்நாளில் ஒரு நியூத்திரனைக்கூடக் கண்டதில்லை. அவற்றை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் ‘இதில் ஒன்றுமில்லை’ என்று நிரூபித்துக் காட்டிய பிறகுதான்.

ஒரு பொருளில் கதிரியக்கம் இருக்கிறது என்று காட்டுவது எளிது. இல்லை என்று காட்டுவதுதான் கடினம். இந்தத் துறையின் உழைப்பிலும் செலவிலும் பெரும்பகுதி அந்த இரண்டாவது வேலைக்கே போகிறது.

ஒரு பொருள் இரண்டு வழிகளில் கதிரியக்கம் பெறலாம். ஒன்று, வெளியிலிருந்து ஒட்டிக்கொள்வது: குளிர்விக்கும் நீரில் மிதந்து வந்த துகள் குழாயின் உட்சுவரில் படிகிறது, சிந்திய திரவம் தரையில் ஊறுகிறது. இது மாசு. துடைக்கலாம், சுரண்டலாம், அமிலத்தில் கழுவலாம். மற்றது, பொருளே உள்ளுக்குள் மாறிவிடுவது. உலையின் மையத்துக்கு அருகே இருந்த உருக்கில் சாதாரணக் கோபால்ட் மிகச் சிறிதளவு கலந்திருக்கும். யாரும் வேண்டுமென்று சேர்த்ததல்ல, தாதுவோடு வந்தது. அந்த அணு ஒரு நியூத்திரனை விழுங்கினால் கோபால்ட்-60 ஆகிவிடும். இதைத் தூண்டப்பட்ட கதிரியக்கம் எனலாம். எத்தனை முறை கழுவினாலும் போகாது, காத்திருக்கத்தான் வேண்டும். கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். முப்பது ஆண்டுகள் பூட்டி வைத்தால் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பிக்கரிங்கை உடனே உடைக்காமல் விட்டுவைப்பதற்கு இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று.

கதிரியக்கத்தை எண்ணும் அலகு பெக்கரல். ஒரு நொடியில் ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். 1896இல் கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஹென்றி பெக்கரலின் பெயர் அது. மிகச் சிறிய அலகு. இதைப் படிக்கும் எவருடைய உடலிலும், சாப்பாட்டோடு வந்த பொட்டாசியம்-40 மட்டும் நாலாயிரம் பெக்கரல் அளவில் சிதைந்துகொண்டிருக்கிறது. சாதாரணத் தோட்டத்து மண்ணில் ஒரு கிலோவுக்குப் பொட்டாசியம்-40 சராசரியாக 400 பெக்கரல் இருக்கும். ரேடியம்-226கூட 30 பெக்கரலுக்குச் சற்று மேலே இருக்கும். ஆம், மோல்வேர்னைக் கலக்கிய அதே ரேடியம்தான். பூமியில் யுரேனியம் உள்ள இடமெல்லாம் அதன் வழித்தோன்றலாக ரேடியமும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனால், மோனசைட் மணலில் உள்ள தோரியத்தால் அளவுமானி இன்னும் உயரக் காட்டும். அங்கே எந்த உலையும் கழிவு கொட்டவில்லை.

ஆகவே பூச்சியம் என்பது எங்கும் கிடைக்காது. சுத்தம் என்றால் கதிரியக்கமே இல்லாதது என்று பொருளல்ல. இயற்கையாக இருக்கவேண்டியதற்கு மேல், கவலைப்படத்தக்க அளவுக்கு எதுவும் இல்லை என்பதே பொருள். அளவுமானி அளப்பது ஒரு வித்தியாசத்தை.

வித்தியாசத்தை அளப்பது ஏன் கடினம்? தகரக் கூரையில் மழை பெய்கிறது, அதே கூரைக்குப் பக்கத்து மரத்திலிருந்தும் சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்குக் கீழே இருந்து ஒலியை மட்டும் கேட்டு, மரத்திலிருந்து விழுந்தது எத்தனை சொட்டு என்று சொல்லவேண்டும். எந்தச் சொட்டிலும் முகவரி எழுதியிருக்காது. முதலில் மரத்தடியில் இல்லாத இன்னொரு கூரையில் மழையை மட்டும் எண்ணவேண்டும், பிறகு இங்கே எண்ணிக் கழிக்கவேண்டும். மழையோ ஒரே சீராகப் பெய்வதில்லை. ஒரு நிமிடத்தில் கூடும், அடுத்த நிமிடத்தில் குறையும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மரத்துச் சொட்டுகள் மறைந்துபோகலாம்.

அணுச் சிதைவும் அப்படித் தற்செயலானதுதான். எந்த அணு எப்போது சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு: நூறு எண்ணினால் ஏறத்தாழ பத்து முன்பின்னாகும், பத்தாயிரம் எண்ணினால் நூறு முன்பின்னாகும். எண்ணிக்கை பெருகப் பெருக ஊசலாட்டமும் பெருகுகிறது, ஆனால் விகிதத்தில் சுருங்குகிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வெறுங் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் 600 துடிப்பு. சந்தேகத்துக்குரிய உருக்குத் துண்டை வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டால் 640. நாற்பது கூடுதல், ஆகவே மாசு இருக்கிறது என்று சொல்லலாமா? கூடாது. இரண்டு அளவீடுகளின் ஊசலாட்டமும் சேர்ந்தாலே ஏறத்தாழ 35 வந்துவிடும். நாற்பது என்பது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அதே துண்டை நூறு நிமிடம் எண்ணினால்? 6,000க்கு எதிராக 6,400. இப்போது வித்தியாசம் 400, ஊசலாட்டம் 110 அளவில். இனி அது தற்செயல் என்று சொல்ல வழியில்லை. துண்டு மாறவில்லை, கருவியும் மாறவில்லை. மாறியது பொறுமை மட்டும்.

இதை 1968இல் லாய்ட் கறி என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒழுங்குபடுத்தி எழுதினார். எந்தக் கருவிக்கும், எந்த நேர அளவுக்கும், அதற்குக் கீழே இருப்பதை நம்பகமாகக் காண முடியாத ஒரு வாசல் உண்டு. அதைக் கண்டறிதல் எல்லை என்கிறார்கள். ஆகவே ஆய்வறிக்கையில் ‘எதுவும் காணப்படவில்லை’ என்று மட்டும் இருந்தால் அது பாதி வாக்கியம். எந்த எல்லை வரை தேடியும் காணப்படவில்லை என்ற மற்றப் பாதி கூடவே வரவேண்டும். கருவியைச் சுவரின் மேல் வேகமாக ஓட்டிக்கொண்டு போனால் எந்தக் கட்டடத்தையும் சுத்தம் என்று காட்டிவிடலாம். அளப்பவர் கருவியை நொடிக்கு எத்தனை சென்ரிமீற்றர் நகர்த்தவேண்டும், மேற்பரப்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் பிடிக்கவேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்படுவது இதற்காகத்தான். பொதுக் கூட்டங்களில் மக்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வியும், என் கணிப்பில், இதுவே: எதுவரை தேடினீர்கள்?

அந்த மழையை, அதாவது இயற்கையாகவே வரும் துடிப்புகளை, குறைக்கவும் வழி உண்டு. ஆய்வுகூடத்தில் மாதிரியையும் உணர்வியையும் ஈயத்தாலோ உருக்காலோ ஆன தடித்த பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். ஈயமும் உருக்கும் கதிரியக்கம் குறைந்தவையாக இருக்கவேண்டும். இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. 1945க்குப் பிந்தைய அணுகுண்டுச் சோதனைகளின் தூசு காற்றில் கலந்தது. உருக்கு உலைக்குள் ஊதப்படுவதும் அதே காற்றுத்தான். அதனால் புது உருக்கில் மிகச் சிறிதளவு கதிரியக்கம் ஏறியது. மிக நுண்ணிய அளவீடு செய்வோர் பழைய உருக்கைத் தேடிப் போனார்கள். 1919இல் ஸ்கொட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ குடாவில் தம் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்ட ஜேர்மன் போர்க்கப்பல்களின் தகடுகள் அப்படி மீட்டெடுக்கப்பட்டு அளவீட்டு அறைகளுக்குச் சுவராயின.

எத்தனை என்பது ஒரு கேள்வி, எது என்பது இன்னொன்று. 1928இல் கெய்கரும் முல்லரும் செய்த, கிர்கிர் என்று ஒலிக்கும் குழாய்க்கு எது என்று தெரியாது. பொட்டாசியமானாலும் கோபால்ட்டானாலும் அதற்கு ஒரே துடிப்புத்தான். மாசையும் இயற்கையையும் பிரிக்க, வரும் காமாக் கதிரின் ஆற்றலை அளக்கவேண்டும். காமா தரும் ஒவ்வோர் ஓரிடத்தானும், அதாவது ஒவ்வொரு வகை அணுவும், தனக்கென்று குறித்த ஆற்றலிலேயே அதை வெளியிடும். சீசியம்-137 என்றால் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். கோபால்ட்-60 என்றால் இரண்டு: 1173, 1332. பொட்டாசியம்-40 என்றால் 1461. ஜெர்மானியம் என்ற தனிமத்தின் மிகத் தூய படிகத்தைத் திரவ நைதரசனின் குளிருக்கு, ஏறத்தாழ மைனஸ் 196 பாகைக்கு அருகே கொண்டுபோய் வைத்தால், அது இந்த ஆற்றல்களைக் கூரிய சிகரங்களாகப் பிரித்துக் காட்டும். 1461இல் சிகரம் இருந்தால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. அது கொங்கிறீட்டின் சொந்தப் பொட்டாசியம். 1332இல் ஒரு சிறு மேடு தென்பட்டாலும் எல்லோரும் எழுந்து உட்காருவார்கள். கோபால்ட்-60 இயற்கையில் கிடைப்பதில்லை.

ரேடியத்தின் விஷயத்தில் இதுவும் அவ்வளவு நேராக இல்லை. மோல்வேர்ன் போன்ற இடத்து மண் ஆய்வுகூடத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்று கிட்ட நின்று பார்க்கலாம். மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, தகர டப்பாவில் அடைப்பார்கள். ரேடியம்-226 தானே வெளியிடும் காமாவின் ஆற்றல் 186. கெட்ட காலத்துக்கு, மண்ணில் இயல்பாக உள்ள யுரேனியம்-235இன் ஒரு காமாவும் ஏறத்தாழ அங்கேயே வந்து விழுகிறது. இரண்டு சிகரங்களும் ஒன்றாகிவிடும். ஆகவே ரேடியத்தை விட்டுவிட்டு அதன் வழித்தோன்றலான பிஸ்மத்-214ஐப் பிடிக்கிறார்கள். அது 609இல் தெளிவாகத் தெரியும். ஆனால் ரேடியத்துக்கும் பிஸ்மத்துக்கும் நடுவில் ரேடான் இருக்கிறது. ரேடான் ஒரு வாயு. மண்ணை இடித்துச் சலித்தபோதே அதில் ஒரு பங்கு பறந்து போயிருக்கும். அப்படியே அளந்தால் ரேடியம் குறைவாகத் தெரியும். அதனால் டப்பாவின் மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்து, மூன்று நான்கு கிழமைகள் அலுமாரியில் வைத்துவிடுவார்கள். ரேடானின் அரை ஆயுட்காலம் 3.8 நாள். மூன்று கிழமைக்குள் உள்ளே இருக்கவேண்டிய ரேடான் நூற்றுக்கு 98 பங்கு திரும்பச் சேர்ந்துவிடும். பிறகே உணர்வியின் முன் வைத்து எண்ணுவார்கள். முற்றத்தைத் தோண்டிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்காரருக்கு இந்த மூன்று கிழமை எரிச்சலூட்டும்தான். ஆனால் அவசரப்பட்டு அளந்தால் ஏமாறுவதும் அவரே.

களத்தில் நின்று வேலை செய்வோருக்கு இவ்வளவு அவகாசம் கிடைக்காது. அங்கே சோடியம் அயடைட்டுப் படிகம் கொண்ட உணர்விகளைத் தூக்கிக்கொண்டு மனையைக் கோடு கோடாக நடந்து அளப்பார்கள். பெருமளவு மண்ணைப் பிரிக்கவேண்டுமானால் வார்ப்பட்டையின் மேல் மெல்லிய படுக்கையாகப் பரப்பி, உணர்விகளின் கீழே ஓடவிடும் முறை உண்டு. எண்ணிக்கை எல்லையைத் தாண்டும் துண்டு வேறு பக்கம் திருப்பப்படும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரேடியச் சாயத்தின் ஒரு சிறு துணுக்கு ஒரு லொறி மண்ணில் கிடந்தால், முழு லொறியின் சராசரி எடுக்கும்போது அது கரைந்துபோய் எல்லாம் சுத்தம் என்று வரும். அந்தத் துணுக்கு ஒரு குழந்தையின் கைக்கு வந்தால் சராசரியால் பயனில்லை. ஆகவே எவ்வளவு மண்ணுக்கு ஒரு சராசரி என்பதை முதலிலேயே தீர்மானிக்கவேண்டும். மாசுபட்ட மண்ணைச் சுத்த மண்ணோடு வேண்டுமென்றே கலந்து எல்லைக்குள் கொண்டுவரும் தந்திரத்தை ஒழுங்குமுறைகள் ஏற்பதில்லை. மோல்வேர்னிலும் மண்ணைப் பிரித்த பிறகே, கடுமையாக மாசுபட்ட சிறு பங்கு சோக் ரிவர் அணு ஆய்வகத்துக்கும் இலேசானது ஸ்காபரோவிலேயே பாஸ்மோர் அவெனியூவிலிருந்த தற்காலிகச் சேமிப்பிடத்துக்கும் போயின.

காமா தருபவை பிடிபடும். மற்றவை? ஆல்பாத் துகளை ஒரு பூச்சுச் சாயமே மறித்துவிடும். குழாயின் உட்புறத்து மாசை வெளியிலிருந்து காண முடியாது. அதற்கு வட்டமான வடிதாளை எடுத்து, 100 சதுர சென்ரிமீற்றர் பரப்பை அழுத்தித் துடைத்து, அந்தத் தாளை எண்ணுகிறார்கள். தாளில் ஏதாவது வந்தால் அது உதிரக்கூடிய மாசு என்று பொருள். தாளில் எண்ணிக்கை கூடினாலும் உடனே பதறத் தேவையில்லை. காற்றில் எப்போதும் உள்ள ரேடானின் வழித்தோன்றல்களும் தூசோடு தாளில் ஒட்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி எண்ணினால் அவை அடங்கியிருக்கும். உலையிலிருந்து வந்ததானால் அப்படியே நிற்கும்.

கனடிய உலைகளின் தலைவலி திரித்தியம். காண்டு உலைகள் கனநீரைப் பயன்படுத்துபவை. கனநீரின் ஐதரசன் நியூத்திரனைப் பிடித்தால் திரித்தியம் பிறக்கிறது. அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டு. அது வெளியிடும் பீட்டாத் துகள் தோலின் மேற்படையைக்கூடத் தாண்டாது. எந்தக் கைக்கருவிக்கும் கிட்டத்தட்டப் புலப்படாது. ஆனால் நீராக இருப்பதால் கொங்கிறீட்டுக்குள் ஊறிப்போகும். அதைப் பிடிக்க, சுவரில் உருளையாகத் துளையிட்டு மாதிரி எடுத்து, அடுப்பில் சூடாக்கி, வரும் ஆவியைக் குளிர்வித்து நீராக்கி, பீட்டா பட்டால் மினுங்கும் திரவத்தில் கலந்து, இருட்டறைக் கருவியில் அந்த மினுக்கங்களை எண்ணவேண்டும். ஒரு சுவருக்கு எத்தனை துளை? எங்கெங்கே? கனநீர் எப்போது எங்கே சிந்தியது என்ற பழைய பதிவேடுகள் இங்கே உணர்வியைவிட மதிப்பு மிக்கவை. ஐம்பது ஆண்டுக்கு முன் ஒரு பணியாளர் எழுதி வைத்த குறிப்பு இல்லாவிட்டால் தேடுவது குருட்டுத் தேடல்தான்.

நிக்கல்-63, இரும்பு-55 போன்றவையும் இப்படிப் பிடிகொடுக்காதவை. ஒவ்வொரு குழாயையும் கரைத்து வேதியியல் செய்ய முடியாது. அதனால் சில மாதிரிகளில் மட்டும் முழுச் சோதனை செய்து, கோபால்ட்-60 இவ்வளவு இருந்தால் நிக்கல்-63 இவ்வளவு இருக்கும் என்று ஒரு விகிதம் கட்டி, மற்ற இடங்களில் கோபால்ட்டை மட்டும் அளந்து பெருக்கிக்கொள்கிறார்கள். நடைமுறைக்கு ஏற்ற வழிதான். ஆனால் இந்தச் சங்கிலியில் நோஞ்சான் கண்ணியும் இதுவே. உலையின் ஒரு மூலையில் கட்டிய விகிதம் இன்னொரு மூலைக்குப் பொருந்தும் என்பது அனுமானம். ஆண்டுகள் போகப்போகக் கோபால்ட் விரைவாகக் கரைய, நூறாண்டு அரை ஆயுள் கொண்ட நிக்கல் தங்கிவிடும். விகிதத்தை அவ்வப்போது திருத்தாவிட்டால் கணக்குத் தப்பும்.

இவ்வளவும் அளந்து எந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் விடலாம்? அந்தக் கோட்டுக்கு விடுவிப்பு அளவு என்று பெயர் சொல்லலாம். சர்வதேச அணுசக்தி முகமை 2004இல் வெளியிட்ட அட்டவணையும் கனடிய ஒழுங்குவிதிகளும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன: விடுவிக்கப்பட்ட பொருளால் எவருக்கும் ஆண்டொன்றுக்கு 10 மைக்ரோ சீவர்ட் அளவைவிடக் கூடுதல் கதிர்வீச்சு கிடைக்கக் கூடாது. சீவர்ட் என்பது உடலுக்கு ஏற்படும் பாதிப்பை அளக்கும் அலகு. கனடாவில் ஒருவர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 1,800 மைக்ரோ சீவர்ட் வாங்குகிறார். இந்தப் பத்து அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தப் பத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஒவ்வோர் ஓரிடத்தானுக்கும் ஓர் எண் கிடைக்கும். கோபால்ட்-60க்கும் சீசியம்-137க்கும் கிராமுக்கு 0.1 பெக்கரல். திரித்தியத்துக்கு 100 பெக்கரல். ஆயிரம் மடங்கு வித்தியாசம் யாருக்கும் சலுகையல்ல. கோபால்ட்டின் காமா சுவரைத் துளைத்து வரும், திரித்தியத்தின் பீட்டா தோலில் நின்றுவிடும்.

கிராமுக்கு 0.1 என்றால் கிலோவுக்கு 100. தோட்டத்து மண்ணின் பொட்டாசியமோ கிலோவுக்கு 400. ஆக, இயற்கையிலேயே உள்ள கதிரியக்கத்தில் கால் பங்கு அளவான ஒன்றைத் தேடிப் பிடித்து, அது இல்லை என்று காட்டவேண்டும். எதிர்ப்பவர்கள் இந்த எல்லை தளர்வானது என்கிறார்கள். தொழில்துறையினர் தேவைக்கு மீறி இறுக்கமானது என்கிறார்கள். அளவீட்டின் பக்கமிருந்து பார்த்தால், கருவிகளுக்கு எட்டக்கூடிய, ஆனால் சோம்பலாக அளந்தால் தவறிவிடக்கூடிய இடத்தில்தான் கோடு போடப்பட்டிருக்கிறது.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் குறைவில்லை. 1984 ஜனவரியில் கட்டடக் கம்பி ஏற்றிய லொறி ஒன்று நியூ மெக்சிக்கோவில் வழி தவறி லொஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தின் வாசலருகே போனது. அங்கிருந்த உணர்விகள் அலறின. மெக்சிக்கோவின் ஹுவாரெஸ் நகரில் ஒரு மருத்துவக் கருவியின் கோபால்ட்-60 பழைய இரும்போடு சேர்ந்து உருகிக் கம்பியாகியிருந்தது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 2008இல் இந்திய உருக்கில் செய்த மின்தூக்கிப் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பது பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட கதிர்வீச்சுக் கருவியொன்று உடைக்கப்பட்டு ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றனர். அந்தக் கருவி கனடாவில் செய்தது, 1985இலிருந்து தொடப்படாமல் கிடந்தது. இவை எதுவும் அணுமின் நிலையத்தைப் பிரித்ததால் வந்தவையல்ல. நிலையங்களில் ஒவ்வொரு பொருளையும் துருவி அளக்கிறார்கள். மறந்துபோன ஓர் அறையில் கிடப்பதை அளக்க ஆளில்லை. அதனால்தான் இப்போது உருக்காலைகளின் வாசலில் லொறி நுழையும் இடத்தின் இரு மருங்கிலும் உணர்விகள் நிற்கின்றன. இதில் இன்னொன்று: பிக்கரிங் நிலையம் மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்குவதற்காக கோபால்ட்-60ஐ வேண்டுமென்றே தயாரித்தும் வந்தது. ஒரே ஓரிடத்தான் ஒரு கட்டடத்தில் விற்பனைப் பொருள், அடுத்த கட்டடத்தின் உருக்கில் தொல்லை.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போர்ட் ஹோப்பில் இந்த வேலை ஊர் முழுவதும் நடக்கிறது. 1930களில் எல்டொராடோ நிறுவனம் கிரேட் பெயர் ஏரித் தாதுவிலிருந்து அங்கே ரேடியம் எடுத்தது, பிறகு யுரேனியம். எச்சங்கள் பள்ளம் நிரப்பவும் கட்டடங்களின் அடியில் கொட்டவும் போயின. 1975இல் செயின்ற் மேரிஸ் பள்ளிக்கூடத்தில் ரேடான் மிகுந்திருப்பது தெரிந்து பிள்ளைகளை வெளியேற்றினார்கள். அங்கே அகற்றவேண்டியது என்று மதிப்பிடப்பட்ட மொத்தம் பத்து இலட்சம் கன மீற்றருக்கும் மேல். மனை மனையாகக் காமா அளந்து, துளையிட்டு மண் எடுத்து, வீட்டுக்குள் ரேடான் உணர்வி வைத்துத்தான் எந்தத் தோட்டத்தைத் தோண்டுவது என்று முடிவாகிறது.

ரேடான் உணர்வி மட்டும் எவரும் வீட்டில் வைக்கக்கூடிய கருவி. எந்த ஆலையும் இல்லாத ஊரிலும் மண்ணின் ரேடியம் ரேடானைத் தந்துகொண்டே இருக்கும். அது அத்திவாரத்தின் வெடிப்புகள் வழியே பேஸ்மென்றுக்குள் சேரும். ஸ்காபரோவில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்க்கையைத் தொடங்கியது பேஸ்மென்றில்தான், இன்றும் பலர் அங்கே இருக்கிறார்கள். புகைபிடித்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்கு ரேடானே முக்கியக் காரணம். கனடாவின் சுகாதாரத் துறை வைத்திருக்கும் வழிகாட்டு அளவு, ஒரு கன மீற்றர் காற்றில் 200 பெக்கரல். சோதனைக்குக் கிடைக்கும் மலிவான உணர்வி ஒரு சிறு நெகிழித் துண்டுதான். அதில் ஆல்பாத் துகள் படும் ஒவ்வோர் இடத்திலும் நுண்ணிய வடு விழும், ஆய்வுகூடத்தில் வடுக்களை எண்ணுவார்கள். ரேடான் நாளுக்கு நாள், மழைக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப ஏறி இறங்குவதால் இரண்டு நாள் அளவீட்டை நம்ப முடியாது. குறைந்தது மூன்று மாதம், அதுவும் சன்னல்கள் மூடிக்கிடக்கும் குளிர்காலத்தில் வைக்கவேண்டும். வீட்டின் ஆகக் கீழ்த் தளத்தில், ஒருவர் நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் அறை ஒன்றில், மூச்சு விடும் உயரத்தில், சன்னலுக்கும் வெப்பக் காற்றுத் துவாரத்துக்கும் எட்ட வைத்தால் போதும். குளியலறையும் சமையலறையும் வேண்டாம். வைத்த திகதியையும் எடுத்த திகதியையும் உறையில் எழுதி அனுப்பவேண்டும். எத்தனை நாள் எண்ணினார்கள் என்று தெரியாவிட்டால், வடுக்களின் எண்ணிக்கையை வைத்து ஆய்வுகூடத்தால் எதுவும் சொல்ல முடியாது.